பொட்டு இருந்த இடம்

சங்கிலிமுத்து வீட்டில் தாளிப்பது நின்றுபோய் ஆறு மாதம் ஆகிறது. பட்டாசு ஊரான விஸ்வநத்தத்தில் அந்தத் தெருவுக்கே இது தெரியும். கடுகு பொரியும் சத்தம் கிடையாது, மிளகாய் வத்தல் நெடி கிடையாது. குழம்பென்றால் கொதிக்கவைத்து இறக்குவதோடு சரி. ரசம் என்ற பெயரில் புளித்தண்ணீர். எதிர்வீட்டில் கருவாடு வறுத்தால்கூட சங்கிலிமுத்து பசைக் கையோடு எழுந்துபோய்த் தன் வீட்டு ஜன்னலைச் சாத்திவிட்டு வருவான்.

"பட்டாசுக் கம்பெனியில மருந்து ரூம்புலகூட இம்புட்டுக் கட்டுப்பாடு கெடையாதுண்ணே" என்று அவன் தங்கை சண்முகத்தாய் முகத்துக்கு நேராகவே சொன்னாள். அடுத்த தெருவில் குடியிருக்கிறவள், நாளுக்கு இரண்டு தடவையாவது வந்து எட்டிப்பார்க்காமல் இருக்கமாட்டாள். "கடுகு என்ன லெச்சுமி வெடியா?"

"ஒனக்கு என்ன தெரியும்? ஒரு தும்மல் போதும். அம்புட்டும் போயிரும்" என்றான் சங்கிலிமுத்து.

தும்மல்தான் அவனுக்கு எதிரி. மனைவி முருகம்மாளின் முகத்தில் இருப்பது புது மூக்கு. அவளுடைய நெற்றித் தோலையும், விலாவிலிருந்து எடுத்த குருத்தெலும்பையும் கொண்டு மதுரையில் ஒரு டாக்டரம்மா கட்டிக்கொடுத்த மூக்கு. முதல் சில வாரம் தும்மல் வராமல் பார்த்துக்கொள்ளுங்கள், வந்தால் வாயைத் திறந்து தும்மச் சொல்லுங்கள் என்று அவர் சொல்லி அனுப்பினார். சில வாரம் என்பதைச் சங்கிலிமுத்து ஆயுள் முழுக்க என்று எடுத்துக்கொண்டான். பிளஸ் டூ படிக்கும் மகள் ரோஜா, "எப்பா, வெறும் உப்பும் புளியுமாத் தின்னு நாக்கே செத்துப்போச்சு" என்று தட்டைத் தள்ளிவைத்தபோதும் அசையவில்லை.

"நாக்குத்தானே செத்துச்சு. மூக்கு இருக்குல்ல" என்று சொல்லிவிட்டுத் தன் தட்டை வழித்துத் தின்றான்.

ஆளை முட்டாள் என்று நினைத்துவிட வேண்டாம். அந்த மூக்கை ஒருதடவை தன் கையாலேயே சாகடிக்கப் பார்த்தவன் அவன். பயம் சும்மா வரவில்லை.

சங்கிலிமுத்துவுக்குக் கூம்பு சுற்றுகிற வேலை. தீபாவளிக்குத் தரையில் வைத்துக் கொளுத்தினால் பூப்பூவாகச் சீறி எழும்புமே, பூச்சட்டி, அதன் காகிதக் கூம்பு. அட்டையை விசிறிபோல வெட்டி, மைதாப் பசை தடவி, மர அச்சில் ஒரு சுற்றுச் சுற்றி உருவினால் கூம்பு நிற்கும். வெட்டு ஒரு நூல் தப்பினாலும் வாய் கோணிக்கொள்ளும், அடி உட்காராது. வாசலில் தகரக்கூரை இறக்கி அதன் கீழே உட்கார்ந்து காலையிலிருந்து சுற்றுவான். முருகம்மாள் கம்பெனிக்குப் போய் அதே கூம்பில் வெடிமருந்து அடைப்பாள். "நான் வீடு கட்டுதேன், இவ குடியேத்துறா" என்று ஆர்டர் நெருக்கும் சீசன் நாட்களில் பெருமையாகச் சொல்லிக்கொள்வான்.

போன ஆவணியில் அது நடந்தது. கரிசல் மண்ணே வெடித்துக் கிடந்த வெயில். மத்தியானச் சாப்பாட்டுக்கு எழுந்திருக்கப்போகிற நேரத்தில் முருகம்மாள் கையிலிருந்த பூச்சட்டி உராய்ந்து பற்றி முகத்துக்கு நேரே சீறிவிட்டது. கூட இருந்த பெண்கள் அவளை வெளியே இழுத்துப்போட்டு, வாசலில் இருந்த தொட்டித் தண்ணீரை மொண்டு மொண்டு ஊற்றினார்கள். பட்டாசு ஊரில் யாரும் யாருக்கும் இதைச் சொல்லிக்கொடுக்க வேண்டியதில்லை. தீ என்றால் தண்ணீர். ஆம்புலன்ஸ் வந்து கதவைத் திறக்கும்வரை ஊற்றிக்கொண்டே இருந்தார்கள்.

அன்றைக்குத் தீக்காய வார்டில் இருந்த டாக்டர் சங்கிலிமுத்துவின் தோளைத் தட்டி, "ஊத்தின தண்ணிதான்யா கண்ணைக் காப்பாத்தியிருக்கு. குளிர வச்சீங்க பாருங்க, அதுக்குப் புண்ணியம்" என்றார். அந்த வார்த்தை அவன் மனசில் ஆணி அடித்ததுபோல இறங்கியது.

கண் தப்பியது. நெற்றியும் தப்பியது, மருந்துத் தூசி தலைமுடியில் படியாமல் இருக்க முருகம்மாள் புருவம் மறைய இறக்கித் துண்டு கட்டிக்கொண்டுதான் வேலை செய்வாள். கன்னம் கருகி மெல்ல ஆறியது. மூக்கின் நுனியும் வலது பக்கமும் போய்விட்டன. கம்பெனிக்குள் நகை போடக்கூடாது என்று கழற்றி வைத்துவிட்டுப் போயிருந்ததால், மூக்குத்தி மட்டும் மஞ்சள் துணி முடிச்சுக்குள் பத்திரமாக இருந்தது. அதைப் போட இடம்தான் இல்லை.

வீட்டுக்கு வந்த முருகம்மாள் பேச்சைக் குறைத்துக்கொண்டாள். பேசினால் காற்று வேறு வழியாகப் போய்ச் சொல் குழறியது. சுவரைப் பார்த்து உட்கார்ந்து சாப்பிட்டாள். முன்னால் பூசைக்குப் பூ கொண்டுவந்தால் மூக்கருகே கொண்டுபோய்ப் பார்த்துவிட்டுத்தான் சாமிக்கு வைப்பாள். இப்போது பூவை வாங்கி அப்படியே வைத்தாள். வாசம் தெரியவில்லை. சுவரில் தொங்கிய கண்ணாடியைக் கழற்றி அரிசி டிரம்முக்குப் பின்னால் திருப்பி வைத்தாள். அதன் சட்டத்தில் அவள் குளிக்கும்போதெல்லாம் எடுத்து ஒட்டிவைத்த ஸ்டிக்கர் பொட்டுகள் வரிசையாக இருந்தன. கறுப்பு, மெரூன், விசேஷத்துக்கு வைக்கிற சின்னக் கல் பொட்டு. பண்டிகைக்குக்கூட அவள் அவற்றைத் தேடவில்லை.

தீக்காயம் ஆறியபின்தான் அவர்களை டாக்டர் பிரீத்திகாவிடம் அனுப்பினார்கள். முகத்தைத் திருத்திக் கட்டும் ஆபரேஷன்தான் அவர் வேலை. சொந்த ஊர் திருத்தங்கல். பட்டாசுப் பெட்டிக்கு லேபிள் அடிக்கும் அச்சாபீஸ் வைத்திருக்கும் குடும்பம். மதுரையில் இருந்தாலும் இந்தப் பக்கத்து ஆட்களைக் கண்டால் பேச்சு தானாக ஊருக்குத் திரும்பிவிடும்.

"வாங்கக்கா, இங்கன உக்காருங்க. சாப்பிட்டீகளா? மொகத்துல சுத்துன துண்டை எடுங்க, பாப்போம்."

முருகம்மாள் எடுக்கவில்லை. சண்முகத்தாய்தான், "எடுங்க மதினி, அவுக பாக்காத மொகமா" என்று மெதுவாக அவிழ்த்துவிட்டாள்.

டாக்டர் முகத்தைச் சுளிக்கவுமில்லை, ஐயோ பாவம் என்று உச்சுக்கொட்டவுமில்லை. பழைய சுவரைக் கொத்தனார் பார்ப்பதுபோல இப்படியும் அப்படியும் பார்த்தார். பெருவிரலால் நெற்றியை நீவி, புருவத்துக்கு மேலே நாடித்துடிப்புத் தேடினார். பிறகு சந்தோஷமாக, "நெத்தி அருமையா இருக்கு" என்றார்.

சங்கிலிமுத்துவுக்குச் சுருக்கென்றது. மூக்கு போய் வந்து உட்கார்ந்திருக்கிறவளிடம் சொல்கிற பேச்சா இது?

"கோவப்படாதீக அண்ணே. நெத்திதான் நமக்கு மொதலு" என்று சிரித்தார் டாக்டர். "மூக்குன்னா மூணு அடுக்கு. உள்ள ஈரமா ஒரு ஜவ்வு, நடுவுல நிமுந்து நிக்க ஒரு குருத்து, மேல தோலு. குருத்தை விலாவுல எடுத்துக்கலாம். உள்ள இருக்க ஜவ்வை மிச்சமிருக்கதுலருந்து திருப்பித் தச்சுக்கலாம். மேல் தோலுக்கு நெத்தியை விட்டா வேற நாதியில்ல. நெறமும் தடிமனும் மூக்குக்குன்னே செஞ்ச மாதிரி இருக்கும். இது நேத்து வந்த வைத்தியம் இல்ல. நம்ம நாட்டுல காலங்காலமாச் செஞ்சது. வெள்ளைக்காரங்க இங்கன வந்து பாத்துத்தான் கத்துக்கிட்டுப் போனாங்க. இப்ப நாங்க அதுக்கு மேல பத்து விசயம் சேத்திருக்கோம்."

"நெத்தியில தோலை உரிச்சு எடுத்துருவீகளா?" என்றாள் சண்முகத்தாய் நெஞ்சில் கைவைத்து.

"முழுசா எடுத்தா செத்த தோலாப் போயிரும். ஒரு வாலை மட்டும் புருவத்துக்கிட்ட விட்டுவச்சு, மிச்சத்தைப் பெரட்டிக் கீழ கொண்டாந்து மூக்குல தைப்பேன். அந்த வால் வழியா ரத்தம் வந்துக்கிட்டே இருக்கும். மூக்குல வேர் பிடிக்க மூணு வாரமாகும். அதுவரைக்கும் மொகத்துக்குக் குறுக்க தொங்கும். பாக்க ஒரு மாதிரி இருக்கும், இப்பமே சொல்லிட்டேன்."

"திரி மாதிரியா?" என்றான் சங்கிலிமுத்து.

"அதேதான் அண்ணே, திரிதான். இதுல நெருப்புக்குப் பதிலா ரத்தம் ஓடும். வேர் பிடிச்சதும் திரியை அறுத்துவிட்டுருவேன்."

அதுவரை வாய் திறக்காமல் இருந்த முருகம்மாள் அப்போதுதான் பேசினாள். குழறலாக வந்தது. வலிக்குமா, பிழைப்பேனா என்றெல்லாம் அவள் கேட்கவில்லை.

"அப்ப பொட்டு எங்கன வைக்க?"

டாக்டர் நாற்காலியை இழுத்துப்போட்டு அவளுக்கு நேராக உட்கார்ந்தார். நடுநெற்றியில் கொஞ்சம் மேலே தள்ளி, மிளகளவுக்கு வெளுத்த புள்ளி ஒன்று இருந்தது. வருசக்கணக்காக அதே இடத்தில் ஸ்டிக்கர் பொட்டு ஒட்டி, அதன் பசை தோலின் நிறத்தைத் தின்றிருந்தது.

"நெத்தியில நெடுக ஒரு கோடு விழும்கா. பொய் சொல்லமாட்டேன். நாள் போகப்போக மங்கும், அதுமேல பொட்டு வைக்கலாம். குங்குமமா வைங்க, இந்த ஸ்டிக்கரு வேண்டாம்." புள்ளியை விரல்நுனியால் தொட்டார். "இந்த எடம் மட்டும் மூக்குக்குப் போயிரும். நான் இதை ஒதுக்கிட்டுத் தோல் எடுக்க முடியாது." கொஞ்சம் யோசித்தார். "மூக்குத்தி எந்தப் பக்கம் போட்டிருந்தீக?"

முருகம்மாள் வலது பக்கத்தைத் தொடப்போய், தொட ஒன்றுமில்லாமல் கையை இறக்கிக்கொண்டாள்.

அடுத்த தடவை போனபோது மேசைமேல் வெள்ளைப் பிளாஸ்டிக்கில் ஒரு மூக்கு இருந்தது. ஸ்கேனில் எடுத்த முகத்தைக் கம்ப்யூட்டரில் போட்டு, நன்றாக இருக்கும் இடது பாதியைக் கண்ணாடிபோலத் திருப்பி வலது பாதியாக்கி, மெஷினில் வார்த்து எடுத்தது என்றார் டாக்டர். சங்கிலிமுத்து அதைக் கையில் வாங்கினான். ஓரத்தில் லேசாக விடைத்து, நுனி ஒரு துளி கீழே இறங்கி, அச்சு அசல் முருகம்மாள். கோபம் வந்தால் முதலில் அதுதான் விடைக்கும். அவனுக்குக் கண் கலங்கிவிட்டது.

டாக்டர் ஒரு மெல்லிய தகடுத் தாளை அந்த அச்சின்மேல் அழுத்தி, மடிப்பு விழுந்த இடமெல்லாம் கத்தரித்து, பிறகு எடுத்து மேசையில் தட்டையாக விரித்தார். மூன்று இதழாகப் பிரிந்த ஒரு விசிறி. அதையே திரும்பச் சுருட்டினால் மூக்கு. சங்கிலிமுத்து மூச்சைப் பிடித்துக்கொண்டு பார்த்தான். ஆயுசுக்கும் தட்டைக் காகிதத்தைக் கூம்பாக்கியவன். எல்லாக் கூம்பும் ஒரே கூம்புதான். இங்கே வளைவு ஒவ்வொன்றும் வேறு. அதையும் உயிருள்ள தோலில், மறுவெட்டுக்கு வழியில்லாமல் வெட்ட வேண்டும்.

"தாயி, வெட்டுத் தப்பிருச்சுன்னா நான் அட்டையைத் தூக்கி எறிஞ்சிட்டு வேற எடுப்பேன்" என்றான்.

"எனக்கு வேற அட்டை இல்லண்ணே" என்றார் டாக்டர். "அதான் தாளிலயே நாலஞ்சு தடவை வெட்டிப் பாத்துக்கிடுதேன்."

பிறகு தகட்டை முருகம்மாளின் நெற்றியில் தலைகீழாக வைத்துப் பேனாவால் கோடு போட்டார். போட்டதைத் துடைத்தார். ஒரு விரற்கடை நகர்த்தித் திரும்பப் போட்டார். வெளுத்த புள்ளி எங்கே போய் விழுகிறது என்று தகட்டைக் கீழே திருப்பித் திருப்பிப் பார்த்தார். ரத்தக்குழாய்க் கணக்கும் கெடக்கூடாது, புள்ளியும் நினைத்த இடத்தில் விழ வேண்டும். கடைசியில் திருப்தியாகத் தலையாட்டினார். எதற்காக இத்தனை பாடு என்று அன்று யாருக்கும் விளங்கவில்லை, அவரும் சொல்லவில்லை.

தை மாதம் ஆபரேஷன் நடந்தது. காலையில் உள்ளே கொண்டுபோனவளைச் சாயங்காலம்தான் வெளியே கொண்டுவந்தார்கள். காப்பீட்டு அட்டை இருந்ததால் செலவுக் கவலை இல்லை. சங்கிலிமுத்துவுக்கு மற்றக் கவலைகளைப் படுவதற்கு முழு நேரமும் கிடைத்தது. சண்முகத்தாய் விருதுநகர் பஸ் ஸ்டாண்டில் வாங்கி வந்த எண்ணெய் புரோட்டா பிரிக்காமலே ஆறிப்போனது. முகமெல்லாம் வீங்கி, நெற்றியில் கட்டும், புருவத்திலிருந்து மூக்குக்கு இறங்கும் தோல் திரியுமாக முருகம்மாளைப் பார்த்ததும் அவன் தங்கையை முன்னால் போகவிட்டான். டாக்டர் முகத்தில் மட்டும் அலுப்பையும் மீறி ஒரு வெளிச்சம் இருந்தது.

"நல்லா வந்திருக்குண்ணே. விலாக் குருத்தைச் சீவி நுனிக்கு ஒண்ணு, ஓரத்துக்கு ஒண்ணு, நடுவுல தூணா ஒண்ணு வச்சிருக்கு. தோல் செவந்து கதகதன்னு இருக்கு பாருங்க. அப்படியே இருக்கணும். தோல் செத்தா உள்ள வச்ச குருத்தும் வீணாப்போகும்."

அப்படியே இருக்கணும் என்று அவர் சொன்னது சங்கிலிமுத்து காதில் விழுந்தது. சிவந்து கதகதவென்று என்றது விழவில்லை.

மறுநாள் மத்தியானம் அவன் புறங்கையால் அந்தத் தோலைத் தொட்டுப் பார்த்தான். சூடாக இருந்தது. சிவந்தும் இருந்தது. பட்டாசு ஊர்க்காரனுக்குச் சிவப்பும் சூடும் ஒரே செய்திதான் சொல்லும்.

"சம்முகம், இங்கன தொட்டுப் பாரு."

"ஆமண்ணே, சூடு ஏறியிருக்கு. உள்ள எரியுதோ என்னமோ."

நர்ஸைக் கூப்பிட வராந்தாவுக்குப் போனான். விபத்துக் கேஸ் ஒன்று வந்து எல்லோரும் அங்கே ஓடிக்கொண்டிருந்தார்கள். ஊற்றின தண்ணிதான் கண்ணைக் காப்பாத்தியிருக்கு என்ற குரல் அவன் காதுக்குள் கேட்டது. வாசலில் இருந்த ஜூஸ் கடைக்கு ஓடினான். ஐஸ்கட்டியை வாங்கி, நொறுக்கி, தன் தோள் துண்டில் முடிந்து, அந்தத் திரியின்மேலும் மூக்கின்மேலும் பதமாக ஒற்றி ஒற்றி எடுத்தான். மருந்து மயக்கத்தில் இருந்த முருகம்மாள் லேசாகக் கண்ணைத் திறந்து, குளிர்ச்சி சுகமாக இருந்ததில் மூடிக்கொண்டாள். சண்முகத்தாய் மாத்திரைப் பெட்டி அட்டையால் விசிறினாள். அண்ணனும் தங்கையும் தங்கள் கெட்டிக்காரத்தனத்தில் கொஞ்சம் ஆறுதலாகக்கூட இருந்தார்கள்.

சிவப்பு இறங்கியது. பிறகு வெளுத்தது. பிறகு பசைக்காகிதம் காய்ந்ததுபோலச் சாம்பல் நிறத்துக்கு வந்தது.

டாக்டர் பிரீத்திகா உள்ளே வந்தவர் நின்றுவிட்டார். விரலால் மூக்குத் தோலை அழுத்திவிட்டு எடுத்தார். அழுத்தின இடத்தில் நிறம் திரும்பவில்லை. ஊசிநுனியால் லேசாகக் குத்திப் பார்த்தார். ஒரு சொட்டு ரத்தம் வரவில்லை.

"ஐஸ் யாரு வச்சது?"

"நான்தான் தாயி" என்றான் சங்கிலிமுத்து. "சூடா இருந்துச்சு... குளிர வச்சா..."

டாக்டர் ஒரு கணம் கண்ணை மூடித் திறந்தார். கத்துவார் என்று எதிர்பார்த்தான். கத்தியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

"ஃபேனை நிறுத்துங்க. ஜன்னலைச் சாத்துங்க" என்று நர்ஸிடம் சொன்னார். மேசை விளக்கு ஒன்றைக் கொண்டுவந்து தள்ளிவைத்து அதன் சூடு லேசாகப் படச் செய்தார்கள். வெதுவெதுப்பான பஞ்சை ஓரங்களில் வைத்தார். இறுக்கமாக இருந்த இரண்டு தையலைத் தளர்த்தினார். பிறகு நாற்காலியை இழுத்துப்போட்டுக் கட்டில் பக்கத்தில் உட்கார்ந்துவிட்டார்.

"எரிஞ்ச தோலுக்குத் தண்ணி ஊத்தணும். ஊத்தினீக, கண்ணு பொழச்சது. இது எரிஞ்ச தோலு இல்லண்ணே. எடம் மாத்தி நட்ட நாத்து. குளிந்தா ரத்தக்குழாய் சுருங்கிரும். ரத்தம் வராது."

"போயிருமா?"

"தெரியல. காத்திருக்கணும்." பஞ்சை மாற்றி வைத்துவிட்டு, "உங்க தப்பு மட்டும் இல்ல. குளிர வைக்காதீகன்னு நான் வாயைத் திறந்து சொல்லியிருக்கணும். எங்க ஊர் ஆளுக தண்ணியைத்தான் தேடுவாகன்னு எனக்குத் தெரியாதா?" என்றார்.

சங்கிலிமுத்து கட்டில் காலைப் பிடித்துக்கொண்டு தரையில் உட்கார்ந்தான். ஈரத்துண்டு கையில் சொட்டிக்கொண்டிருந்தது. உலகத்தில் எந்தத் தீயும் செய்யாததைத் தான் செய்துவிட்டோம் என்று நினைத்தான். டாக்டரை வேறொரு கேஸுக்குக் கூப்பிட ஆள் வந்தது. அவர் அதற்கு இன்னொரு டாக்டரை அனுப்பிவிட்டு இடத்தைவிட்டு அசையவில்லை. அவ்வப்போது விரலால் அழுத்துவார், எடுப்பார், பார்ப்பார். மூடிய அறையில் எல்லோருக்கும் வேர்த்து ஊற்றியது. அவர் நெற்றி வேர்வையைப் புறங்கையால் துடைத்துவிட்டுத் திரும்பவும் அந்தத் தோலையே பார்த்துக்கொண்டிருந்தார். படித்த படிப்புக்கும் இருக்கிற வசதிக்கும் இந்தப் பெண் இப்படி ஒரு தொழிலாளி முகத்துக்கு முன்னால் காவல் இருக்கிறதே என்று சண்முகத்தாய்க்கு அழுகை முட்டியது.

வெயில் சாய்கிற நேரத்தில் டாக்டர் குனிந்தார். "அண்ணே, எந்திரிச்சு வாங்க. உங்க விரலை வைங்க. மெதுவா அழுத்துங்க. இப்ப எடுங்க."

அவன் அழுத்தி எடுத்தான். எடுத்த இடம் வெள்ளையாக இருந்தது. அவன் பார்த்துக்கொண்டிருக்கும்போதே ஓரத்திலிருந்து ரோஸ் நிறம் நகர்ந்து வந்து அந்த வெள்ளையை மூடியது. டாக்டர் ஊசிநுனியால் தொட்டார். பளிச்சென்று சிவப்பாக ஒரு சொட்டு, பொட்டு அளவுக்கு, எழும்பி நின்றது.

"வந்துருச்சு" என்றார் டாக்டர்.

சங்கிலிமுத்து கும்பிடுவதற்குக் கையை எடுத்தான். ஈரத்துண்டு கையில் இருந்ததால் அதையும் சேர்த்துக் கும்பிட்டான். டாக்டர் துண்டைப் பிடுங்கி மூலையில் எறிந்தார்.

மூன்று வாரம் கழித்துத் திரியை அறுத்து, மிச்ச வாலைப் புருவத்திலேயே திரும்ப வைத்துத் தைத்தார்கள். அதற்கப்புறம் ஒரு தடவை ஆபரேஷன் அறைக்குக் கொண்டுபோய்த் தோலின் தடிமனைச் சீவி மெலிதாக்கினார்கள். மூச்சு இரண்டு பக்கமும் ஓடியது. பேச்சில் குழறல் போனது. "இனி இது அக்காவோட மூக்கு. தும்முங்க, சிந்துங்க, என்ன வேணா செய்யுங்க" என்று ஆனி மாதப் பரிசோதனையில் டாக்டர் பிரீத்திகா சொல்லிவிட்டார். "வாசமும் வரும்கா. காத்துக்குப் பாதை விட்டிருக்கு, மெள்ள வந்து சேரும். ஒரு வருசம் போகட்டும், மூக்குத்தியை நானே போட்டுவிடுதேன்."

டாக்டர் சொன்னாலும் சங்கிலிமுத்து நம்பவில்லை. வீட்டில் கடுகு டப்பா மேல்தட்டிலேயே இருந்தது. முருகம்மாளும் கண்ணாடியை எடுக்கவில்லை. புது மூக்கைத் தொட்டுத் தொட்டுப் பார்த்துக்கொள்வாள், பார்க்கமாட்டாள். தெருவில் யாராவது கூப்பிட்டால் முந்தானை இன்னமும் தானாக மேலே ஏறியது. சங்கிலிமுத்துவுக்கு அந்த வெளுத்த புள்ளியை நினைத்தால்தான் கவலை. புது மூக்கின் வலது பக்கத்தில் அது பளிச்சென்று தெரிந்தது. அதைப் பார்த்து அவள் மனசு விட்டுப்போனால்?

ஆடி பிறந்து ஒரு ஞாயிற்றுக்கிழமை. காற்று சுழற்றி அடித்து, தெருவெல்லாம் கலர்க் காகிதத் துணுக்கு பறந்தது. சங்கிலிமுத்து வாசலில் கூம்பு சுற்றிக்கொண்டிருந்தான். சண்முகத்தாய் வந்து ரோஜாவோடு அடுப்படிக்குள் நுழைந்ததை அவன் கவனிக்கவில்லை. முருகம்மாள் கையில் கண்ணாடியோடு வெளியே வந்து, வெளிச்சம் பார்த்து அவனுக்கு எதிரே உட்கார்ந்தாள்.

அவன் கையிலிருந்த கூம்பு அப்படியே நின்றது.

அவள் வெகுநேரம் பார்த்தாள். நெற்றிக் கோட்டைப் பார்த்தாள். ஓரத்தில் லேசாக விடைத்திருந்த வலது பக்கத்தைப் பார்த்தாள். அங்கே, மூக்குத்தி போடுகிற அதே இடத்தில், மிளகளவு வெளுப்பைப் பார்த்தாள்.

"இதுக்குத்தான் அந்தம்மா கோட்டை அழிச்சு அழிச்சுப் போட்டாகளா?" என்றாள்.

சங்கிலிமுத்துவுக்கு அப்போதுதான் உறைத்தது. தகட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்தது, ஒரு விரற்கடை நகர்த்தியது. மூக்குத்தி போட்டால் அந்தப் புள்ளி இருக்கிற இடமே தெரியாது. அத்தனை பெரிய வேலைக்கு நடுவில் இதையும் ஒரு கணக்காக வைத்திருந்திருக்கிறார்.

"நான் எல்லாத்தையும் பாத்துக்கிட்டுத்தான் இருந்தேன். எனக்குப் புரியல முருகு" என்றான்.

முருகம்மாள் கண்ணாடிச் சட்டத்திலிருந்து அந்தச் சின்னக் கல் பொட்டை நகத்தால் பெயர்த்தாள். பசை காய்ந்திருந்தது. நாக்கில் தொட்டு நனைத்தாள்.

"ஏய், ஸ்டிக்கர் ஒட்டக்கூடாதுன்னு அவுக சொல்லல?"

"செத்த நேரந்தான். பாத்துட்டு எடுத்துருவேன்."

நெற்றிக்குக் கொண்டுபோவாள் என்று அவன் நினைத்தான். அவள் அதை மூக்கின் வெளுத்த புள்ளியில் வைத்து அழுத்தினாள். இத்தனை வருசம் பொட்டு இருந்த தோல்தானே அது. தனக்குப் பழக்கமான இடத்தில் கல் உட்கார்ந்துகொண்டது. வெயில் பட்டு மின்னியது. கலியாணத்தன்று பார்த்த முகம். முருகம்மாள் கண்ணாடியைத் தாழ்த்திவிட்டு அவனைப் பார்த்தாள். முந்தானையைத் தொடவில்லை.

திடீரென்று அவள் முகம் சுருங்கியது. தலையைத் திருப்பி அடுப்படியைப் பார்த்தாள்.

"என்னமோ கருகுதே... வத்தலு. ஏட்டி ரோசா! வத்தல் கருகுதுடி, அடுப்பைக் கொறைங்கடி!"

அடுப்படியிலிருந்து சண்முகத்தாய் எட்டிப்பார்த்தாள், கையில் கரண்டியும் முகத்தில் திருட்டு முழியுமாக. தாளிக்கிறார்கள். அவனுக்குத் தெரியாமல் தாளிக்கிறார்கள். முருகம்மாள்தான் சொல்லியிருக்க வேண்டும். நெடி அவனுக்கே அதற்கப்புறம்தான் எட்டியது. அவனுக்கு முன்னால் அவளுக்குத் தெரிந்திருக்கிறது. இதை அவன் எண்ணி முடிப்பதற்குள் முருகம்மாள் மூக்கு விடைத்தது, கண் சொருகியது, வாய் திறந்தது.

"வேண்டாம்! அடக்கு, அடக்கு!" என்று சங்கிலிமுத்து பசைக் கை இரண்டையும் ஏந்திக்கொண்டு அவள் முகத்துக்குக் கீழே பாய்ந்தான்.

தெருவே திரும்பிப் பார்க்கிற மாதிரி ஒரு தும்மல். கல் பொட்டு பறந்து வந்து அவன் உள்ளங்கைப் பசையில் ஒட்டியது. அவன் அதைப் பார்த்தான். அப்புறம் நிமிர்ந்து பார்க்கப் பயந்து பயந்து பார்த்தான். மூக்கு இருந்த இடத்தில் இருந்தது. சிவந்து, ஈரமாக, கதகதவென்று.

"கையை எடுங்க. அது எங்கயும் போகாது" என்றாள் முருகம்மாள். சிரிக்கிறாளா அழுகிறாளா என்று தெரியவில்லை; மூக்கிலிருந்து தண்ணீர் வழிந்தது, புறங்கையால் அழுத்தித் துடைத்தாள்.

"நூறு!" என்று உள்ளேயிருந்து ரோஜா கத்தினாள், தும்மினவர்கள் நூறு வயசு இருக்கச் சொல்கிற வாழ்த்தை.

முருகம்மாளுக்கு முகம் மறுபடி சுருங்கியது. சங்கிலிமுத்து இந்தத் தடவை கையை ஏந்தவில்லை. அவள் தும்மி முடிக்கும்வரை பொறுத்திருந்து, தொண்டையைச் செருமிக்கொண்டு, தெருவுக்கே கேட்கும்படி சொன்னான்:

"இருநூறு!"